உயர்திரு ரூட் அவர்களின் பார்வைக்கு

எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் தண்ணீர் விடுவது என்று குடிநீர் வாரியத்தில் அட்டவணை போடுகிறவர் ஒரு பெண்மணி. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அட்டவணையம்மா என்றால் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் தெரியும். அவர் கணினியில் அட்டவணையைத் திருத்தி, அச்செடுத்து, முத்திரை குத்திக் கொடுப்பார். வால்வுக்காரர்கள் அதைப் பார்த்து வால்வுகளைத் திறப்பார்கள், மூடுவார்கள். கையால் எழுதிய அட்டவணையை வால்வுக்காரர்கள் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. வாரியம் முழுக்க முழுக்க நவீனமாகிவிட்டதை அறிவிக்க வெளியிட்ட சுற்றறிக்கை அது. கையால் எழுதியிருந்தார்கள்.

ஊரின் மேற்குக் கோடியில் நான்கு தெருக்களுக்குப் போகும் பெரிய குழாய் உடைந்து, தோண்டி, மறுபடி தோண்டி, ஒருவழியாகச் சரிசெய்யப்பட்டது. இனி அந்த நான்கு தெருக்களையும் அட்டவணையில் சேர்த்தால் தண்ணீர் வந்துவிடும். அதில் மூன்றாவது தெருவில்தான் அட்டவணையம்மாவின் வீடும் இருந்தது. அதனால் அன்று கொஞ்சம் சீக்கிரமே அலுவலகத்துக்கு வந்து, பையை வைத்த கையோடு அட்டவணைக் கோப்பைத் திறந்தார்.

அனுமதி மறுக்கப்பட்டது என்றது கணினி. ஆங்கிலத்தில், இரண்டே சொல்லில்.

தாம்தான் ஏதோ அவசரப்பட்டுவிட்டோம் என்று நினைத்து, அட்டவணையம்மா எல்லாவற்றையும் மூடிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாக மறுபடி திறந்தார். அதே இரண்டு சொல். முந்தைய வாரம்தான் அவருடைய பழைய கணினியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தார்கள். ஒரு டெக்னீஷியன் வந்து பழையதில் இருந்த கோப்புகளையெல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வாசல் அனுமதிச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கணினிப் பிரிவின் தலைவரைப் போய்ப் பார்த்தார் அட்டவணையம்மா. அந்தத் தலைவர் வெகுகாலம் பம்புகளைக் கவனித்துவந்தவர். பம்புகள் ஓடாமல் போனதும் பதவி உயர்வு கொடுத்துக் கணினிகளைக் கவனிக்க அனுப்பினார்கள். பம்ப் ஐயா என்ற பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

"அனுமதி மறுத்தாச்சா? யாரு மறுத்தது?" என்று கேட்டார் பம்ப் ஐயா.

"கம்ப்யூட்டர் சார்."

"அது பதவியில உங்களுக்குக் கீழயா, மேலயா?"

"என் மேஜைக்கு மேல இருக்கு சார்."

"அப்ப மேலன்னே வெச்சுக்குவோம்." பம்ப் ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாருங்கம்மா, இந்த வாரியத்துல அனுமதி மறுக்கிற அதிகாரம் எனக்கு இருக்கு, துணை இயக்குநருக்கு இருக்கு, இயக்குநருக்கு இருக்கு. கொடுக்கிற அதிகாரம்தான் யாருகிட்ட இருக்குன்னு இன்னும் தெளிவாகல. இத்தனை வருஷமா நான் எவ்வளவோ மறுத்திருக்கேன். ஏன்னு ஒருத்தர் கேட்டதில்ல. நீங்க என்னடான்னா ஒரு மிஷினைப் போயி ஏன்னு கேக்குறீங்க."

"நாலு தெருவுக்குத் தண்ணி விடணும் சார்."

"தண்ணி எங்க போகப் போகுது? குழாய்லதானே இருக்கு. அனுமதி மறுப்பு மேல்முறையீட்டுக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு எழுதிக் குடுங்க."

அப்படி ஒரு குழு இருக்கத்தான் செய்தது. உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடினால் மட்டும் செயல்படும் குழு. ஒருவர் ஓய்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார். இன்னொருவர் தாம் அதில் உறுப்பினர் என்பதையே ஒப்புக்கொள்வதில்லை. மூன்றாமவர் பம்ப் ஐயா.

வீட்டில் அட்டவணையம்மாவின் கணவர் இரண்டு கைகளிலும் வாளிகளோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுப்பவர். வீடு மூன்றாவது மாடி. தண்ணீர் பிடிக்கும் இடம் அடுத்த சாலையின் கோடி. படிக்கட்டுத் திருப்பத்தில் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் தண்ணி முறை போடுறவங்க வந்தாச்சு. நமக்கு எப்பம்மா முறை?"

"என் ஃபைலை நானே திறக்க முடியலைங்க."

"கீழ் வீட்டம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? நீ வேணும்னே நம்ம தெருவை விட்டுட்டியாம். நேர்மையா இருக்கேன்னு காட்டிக்கிறதுக்காம்."

அட்டவணையம்மாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு வாளியைத் தாம் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். சாப்பிட்டு முடித்ததும் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி வேறு ஊரில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான்.

"இது ஒண்ணுமே இல்லக்கா. நாளைக்கு ஆபீஸ்ல உக்காந்துட்டு எனக்குக் கூப்பிடு. ரெண்டு நிமிஷ வேலை," என்றான்.

மறுநாள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தம்பி சொன்னபடி கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தார் அட்டவணையம்மா. அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. ஒரு சின்னக் கட்டம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஹூ ஆம் ஐ. மூணையும் சேர்த்து ஒரே சொல்லா அடி."

"நான் யாருன்னா? அதுகிட்டப் போயா கேக்கணும்?"

"கேளுக்கா. சாமியாருங்க மாதிரி இழுக்காது. பட்டுனு சொல்லிடும்."

கேட்டார். அவருடைய பெயரைச் சொன்னது கணினி, பிழையில்லாமல். வாரியத்தில் சம்பளச் சீட்டில்கூட ஓர் எழுத்து மாறித்தான் வரும். அட்டவணையம்மாவுக்குக் கணினி மேல் முதல்முறையாக ஒரு பிரியம் ஏற்பட்டது.

"இப்ப எல் எஸ், இடம் விட்டு, ஒரு சின்னக் கோடு, கூடவே ஒரு எல். அப்புறம் உன் ஃபைல் பேரு. வந்துச்சா? முன்னாடி என்ன போட்டிருக்குன்னு படி."

"ஒரு கோடு. ஆர். டபிள்யூ. அப்புறம் கோடு கோடா போயிட்டே இருக்குடா."

"முதல் கோட்டை விட்டுட்டு மிச்சத்தை மூணு மூணா பிரி. முதல் மூணு ஃபைலோட சொந்தக்காரருக்கு. அடுத்த மூணு அவரோட குழுவுல இருக்கிறவங்களுக்கு. கடைசி மூணு ஊர் உலகத்துக்கு. ஆர் இருந்தா படிக்கலாம், டபிள்யூ இருந்தா எழுதலாம். கோடு இருந்தா கையை வைக்கக் கூடாது. அப்ப சொந்தக்காரர் மட்டும்தான் படிக்கலாம், எழுதலாம். மத்தவங்க யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. சொந்தக்காரர் பேரு என்ன போட்டிருக்கு?"

"ரூட்."

"அதான் பார்த்தேன். ரூட்ங்கிறது அந்த மிஷினோட தலைமைக் கணக்கு. மாத்திக் குடுத்த ஆளு அந்தக் கணக்குல இருந்துட்டே காப்பி பண்ணிட்டான். எல்லாம் ரூட் பேருல விழுந்துடுச்சு."

"நான் போட்ட அட்டவணைடா அது!"

"தெரியும்க்கா. சவுன்னு ஒரு கட்டளை இருக்கு, உன் பேருக்கு மாத்திடலாம். ஆனா அதுக்கு முன்னாடி சூடோன்னு போடணும்."

"சூடா?"

"சூடோ. இதை ரூட் சொன்னதா எடுத்துக்கிட்டுச் செய்யின்னு அர்த்தம்."

"அவர் சொல்லலையேடா?"

அக்காவோடு கூடப் பிறந்தவன் என்பதால் தம்பிக்குப் பொறுமை அதிகம். அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல அட்டவணையம்மா அடித்தார். கணினி கடவுச்சொல் கேட்டது. அதையும் அடித்தார். பிறகு அது சொன்னதைப் படித்ததும் போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் பேரைச் சொல்லி, அந்த அதிகாரம் உள்ளவங்க வரிசையில நான் இல்லைங்குது. இந்தச் சம்பவம் புகாராகத் தெரிவிக்கப்படும்னு போட்டிருக்கு."

தம்பி சிரித்தான். "உனக்கு சூடோ உரிமை குடுக்காம போயிருக்காங்க. அது எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும். கண்டுக்காத."

"யாருக்குடா தெரிவிக்கும்?"

"ரூட்டுக்குத்தான். வேற யாருக்கு?"

கண்டுக்காமல் இருக்க அட்டவணையம்மாவால் முடியவில்லை. அத்தனை வருட வேலையில் அவர்மேல் ஒரு புகார் வந்ததில்லை. நேராகப் பம்ப் ஐயாவிடம் போய் நின்றார்.

"சார், என்னைப் பத்திப் புகார் போயிருக்கு. வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்."

பம்ப் ஐயாவின் முகம் மலர்ந்தது. "என்ன புகார்?"

"தெரியல சார். இந்தச் சம்பவம்னு மட்டும் சொல்லிச்சு."

"இந்தன்னா எந்த?"

"அதைச் சொல்லல சார்."

மலர்ச்சி கொஞ்சம் வாடியது. "யாருக்குப் போயிருக்கு?"

"ரூட்டுக்கு."

"பஸ் ரூட்டா?"

"இல்ல சார். மிஷினுக்கெல்லாம் மேல ஒரு ரூட் இருக்காராம். எல்லா ஃபைலையும் அவர் பார்க்கலாமாம். யாரும் அவரைக் கேக்க முடியாதாம்."

பம்ப் ஐயா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க எனக்குத் தங்கச்சி மாதிரி. கம்ப்யூட்டர் ரூம் ஏசி விஷயமா அந்தச் சம்பவம்? அது ரிப்பேருக்குத்தான் என் வீட்டுக்குப் போச்சு. படுக்கையறையில மாட்டி நானே சோதிச்சுப் பார்த்துட்டிருக்கேன். ரெண்டு கோடையா சோதிக்கிறேன், இன்னும் என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியல. வேலைமேல இவ்வளவு அக்கறையா இருக்கிறவன்மேல போயிப் புகாரா?"

அன்று மாலைக்குள் ஏசி திரும்பி வந்துவிட்டது. கணினி அறையில் முதல்முறையாகக் குளிர் அடித்தது. செய்தியும் பரவியது.

அடுத்ததாகத் துணை இயக்குநரே இறங்கி வந்தார். அவர் யாருடைய மேஜைக்கும் வருகிறவர் இல்லை. அட்டவணையம்மா எழுந்து நிற்க, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாமும் நின்றுகொண்டே பேசினார்.

"பணியாளர் பதிவேட்டை முழுக்கப் பார்த்துட்டேன். ரூட்ங்கிற பேருல யாருமே இல்ல. பதிவேட்டுலயே இல்லைன்னா எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்! வெளிப்படையா நடந்துக்கிறதுக்கு நான் என்னைக்குமே எதிரி இல்லம்மா. யாரு பார்க்குறாங்க, எப்பப் பார்க்குறாங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டா எவ்வளவு வெளிப்படையா வேணும்னாலும் இருக்கத் தயார்." குரலைத் தாழ்த்தினார். "என் மச்சான் ஓட்டலுக்குப் போற வால்வு எப்பவும் திறந்தே இருக்குன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. அது துருப்பிடிச்சு நின்னுபோச்சு. மூடலாம்னுதான் நானே நேர்ல போவேன். போனா மச்சான் சாப்பிட உக்கார வெச்சிடுறான். சாப்பிட்ட கையோட எப்படி மூடுறது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எனக்கு என் ஃபைல் திறந்தா போதும்."

"பார்த்தீங்களா, வாயைத் திறக்க மாட்டேங்குறீங்க. ரூட் ஐயா சரியான ஆளைத்தான் வெச்சிருக்காரு," என்று வியந்தபடி அவர் போனார். துருப்பிடித்த வால்வு அன்றே மூடிக்கொண்டது.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். வாரியத்தில் அத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. உட்கார நாற்காலி போதவில்லை.

"நமக்கெல்லாம் மேலே ஒருவர் இருக்கிறார்," என்று தொடங்கினார் இயக்குநர். "எல்லாக் கோப்புகளுக்கும் சொந்தக்காரர் அவர். எதை வேண்டுமானாலும் திறப்பார், எதை வேண்டுமானாலும் அழிப்பார். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டார், யாருக்கும் காரணம் சொல்ல மாட்டார். உண்மையைச் சொல்கிறேன், இத்தனை நாளும் அது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்பில் நான் சில காரியங்களைச் செய்ததும் உண்டு. என் வீட்டுத் தோட்டத்துக்கு வாரியத்தின் லாரியில் தண்ணீர் வருகிறது என்றால், அது செடிகளுக்காக. செடிகள் பேச முடியாதவை. அவற்றுக்காக யார் விண்ணப்பம் எழுதுவார்கள்?"

பின்வரிசையில் அட்டவணையம்மா தயங்கித் தயங்கி எழுந்தார்.

"சார், ரூட்ங்கிறது ஆள் இல்லீங்களாம். மிஷினுக்குள்ள இருக்கிற ஒரு கணக்குதானாம். என் தம்பி சொன்னான்."

இயக்குநர் அவரைக் கனிவோடு பார்த்தார். "ஆளே இல்லாமல் கணக்கு மட்டும் இருப்பது நம் வாரியத்துக்குப் புதிதா அம்மா? ஆள் இல்லாத கணக்கு ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இதை அனுபவத்தில் சொல்கிறேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

இயக்குநரின் அறைக்குப் பக்கத்தில் பழைய குழாய்கள் போட்டிருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். இயக்குநரின் நாற்காலியைவிட ஒரு விரற்கடை உயரமான நாற்காலி வந்தது. கதவில் 'உயர்திரு ரூட்' என்று பித்தளைப் பலகை மாட்டினார்கள். அந்தப் பக்கம் நடப்பவர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகினார்கள்.

அதற்கப்புறம்தான் அட்டவணையம்மாவுக்கு உண்மையான தொல்லை ஆரம்பித்தது. வாரியத்தில் ஒரு புகார்ப்பெட்டி உண்டு. அதில் எதைப் போட்டாலும் பதில் வராது, ஏனென்றால் அதன் சாவி உள்ளேயே விழுந்துவிட்டது. இந்தக் கறுப்பு ஜன்னலிலோ சூடோ என்று அடித்து, அதன் பக்கத்தில் என்ன எழுதினாலும், புகார் தெரிவிக்கப்படும் என்று கணினி உடனே உறுதி கொடுத்தது. அதைக் கண்டுபிடித்தவர் பம்ப் ஐயா. சூடோ, துணை இயக்குநர் ஓட்டலில் ஓசியில் சாப்பிடுகிறார் என்று அவர் ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தார். கணினி உறுதி கொடுத்தது. அவர் கண்ணில் நீர் துளிர்த்துவிட்டது.

"ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கலம்மா. ஆதாரம் எங்கன்னு கேக்கல. மூணு பிரதி எங்கன்னு கேக்கல."

பிறகு துணை இயக்குநர் வந்து பம்ப் ஐயாவைப் பற்றியும் இயக்குநரைப் பற்றியும் அடித்தார். கிளார்க்குகள் துணை இயக்குநரைப் பற்றி அடித்தார்கள். ஒருவர் தம் மாமனாரைப் பற்றி அடித்தார். மாமனாருக்கும் வாரியத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மேஜையிலிருந்து மாடிப்படி வரை வரிசை நின்றது. ஒவ்வொரு முறையும் அட்டவணையம்மாதான் தம் கடவுச்சொல்லை அடித்தாக வேண்டும். அடித்து அடித்து விரல் காய்த்துப்போனது. ஒவ்வொரு புகாரும் அவர் பெயரிலேயே போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்த நான்கு தெருக்களுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஒருநாள் வரிசையை அப்படியே நிறுத்திவிட்டு அட்டவணையம்மா இயக்குநரிடம் போனார்.

"சார், அந்த டெக்னீஷியனைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல திறந்துடுவாரு."

"அவருக்கு வாசல் அனுமதி இல்லையே அம்மா."

"நீங்க குடுங்க சார்."

"ரூட் ஐயா பக்கத்து அறைக்கு வரப்போகிற நேரத்தில் நான் போய் அனுமதி கொடுப்பதா? அனுமதி என்ற சொல்லையே நான் இப்போது உச்சரிப்பதில்லை."

அன்று மாலை வீடு திரும்பியபோது படிக்கட்டெல்லாம் ஈரம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. கணவர் படியில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கீழ் வீட்டம்மா பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

"வழுக்கிடுச்சு. ஒண்ணுமில்ல," என்றார் கணவர். ஆனால் முகம் வெளுத்திருந்தது.

எலும்பில் விரிசல் என்று சொல்லி மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கணவர் பென்சில் பிடிக்கும் கை அது. ஆட்டோவில் திரும்பி வரும்போது அவர், "இடது கையாலயும் கொஞ்சம் வரையக் கத்துக்கலாம்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்," என்று சிரிக்கப் பார்த்தார். அட்டவணையம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பியை அழைத்தார்.

"வேற வழி இருக்காடா?"

"இருக்குக்கா. ஆனா அது பின்வாசல் வழி. ஆபீஸ்ல கேட்டா வம்பாயிடும்னுதான் சொல்லல."

"அவரு கை உடைஞ்சு கிடக்குதுடா. சொல்லு."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், வரிசையில் நின்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கப் போன நேரம், அட்டவணையம்மா கணினியை அணைத்துப் போட்டார். அது விழிக்கும்போது தம்பி சொன்ன பொத்தானை அழுத்திப் பிடித்தார். ஒரு பட்டியல் வந்தது. அதில் பழுது பார்க்கும் வழி என்று பொருள்படும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனார். மறுபடியும் அந்தக் கறுப்புத் திரை. இந்தத் தடவை கடவுச்சொல் கேட்கவில்லை.

"இப்ப நான் யாருன்னு கேளுக்கா," என்றான் தம்பி போனில்.

கேட்டார். ரூட் என்றது கணினி.

அட்டவணையம்மா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஏனென்று தெரியாமலே நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன்டா, நான்தானா அது?"

"இப்போதைக்கு நீதான். அந்த மிஷின் முன்னாடி உக்காந்திருக்கிற யாரு வேணும்னாலும் ஆகலாம். சரி, டிஸ்க்குல எழுத முடியுறதுக்கு முதல்ல ஒரு வரி அடிக்கணும். அடிச்சிட்டியா? இப்ப சவுன், உன் பேரு, ஃபைல் பேரு. தட்டு."

தட்டினார். கணினி ஒன்றும் சொல்லவில்லை. கட்டம் கண் சிமிட்டியது.

"வாயே திறக்கலையேடா."

"வேலை முடிஞ்சா அது பேசாதுக்கா."

"எங்க ஆபீஸ்ல எல்லாம் நேர்மாறு," என்றார் அட்டவணையம்மா.

தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அக்கா, இப்ப நீ எதை வேணும்னாலும் படிக்கலாம். யாரைப் பத்தி என்னென்ன எழுதினாங்கன்னு எல்லாம் அதுக்குள்ள இருக்கும். வேணும்னா உன்னையும் சூடோ வரிசையில சேர்த்துவிடுறேன். அப்புறம் உன்னை யாரும் தடுக்க முடியாது."

அட்டவணையம்மாவின் கை விசைப்பலகைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. தம்மைப் பற்றி யாராவது ஏதாவது எழுதியிருப்பார்களோ என்று தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாம்டா. என்னை அந்த வரிசையில சேர்த்துட்டா புகார் எழுத வர்றவங்களுக்கு மிஷின் அந்தப் பதிலைச் சொல்லாதுல்ல? பாவம், ஏமாந்துடுவாங்க."

கணினியை வழக்கமான முறையில் எழுப்பினார். கோப்பு திறந்தது. நான்கு தெருக்களையும் சேர்த்தார், அச்செடுத்தார், முத்திரை குத்தினார். வால்வுக்காரர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அச்சிட்டதுதான் என்று உறுதி செய்துகொண்டு கிளம்பினார். சாயங்காலம் மேற்குக் கோடியில் குழாய்கள் முதலில் இருமின, பிறகு காற்றாகச் சீறின, பிறகு தண்ணீர் விட்டன.

மறுநாள் காலை அவரை இயக்குநரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். பம்ப் ஐயாவும் துணை இயக்குநரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்கு தெருக்களுக்குத் தண்ணீர் போயிருக்கிறது. எப்படி?" என்று கேட்டார் இயக்குநர். ஏதோ விபத்து நடந்துவிட்ட குரலில் கேட்டார்.

"நான்தான் சார். கொஞ்ச நேரம் ரூட்டா இருந்து ஃபைலை என் பேருக்கு மாத்திட்டு வந்துட்டேன்."

பம்ப் ஐயாதான் முதலில் பேசினார். "ரூட் ஐயாவா? நீங்களா? அட்டவணை போடுற நீங்களா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரித்தார்கள். உயர் அதிகாரி ஒருவரைப் போல் ஆள்மாறாட்டம் செய்தது, அந்தக் கோலத்தில் பொதுமக்களுக்குத் தண்ணீர் வழங்கியது என்று இரண்டு குற்றங்கள். இந்த வழக்கை விசாரிக்கத் தகுதியுள்ளவர் ரூட் ஒருவர்தான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ரூட் இன்னும் வந்து சேரவில்லை. நீண்ட யோசனைக்குப் பிறகு, அவர் வரும்வரை இயக்குநரே ரூட் பொறுப்பையும் கூடுதலாகக் கவனிப்பார் என்று இயக்குநர் உத்தரவிட்டார்.

பொறுப்பு ரூட் போட்ட முதல் கையெழுத்து டெக்னீஷியனின் வாசல் அனுமதிச் சீட்டில். டெக்னீஷியன் வந்து, சேர்ந்திருந்த புகார்களையெல்லாம் அச்செடுத்து, உயரமான நாற்காலிக்கு முன்னால் அடுக்கிவிட்டுப் போனார். பெரும்பாலானவை இயக்குநரைப் பற்றியவை.

பொறுப்பு ரூட் அவற்றைப் பொறுமையாகப் படித்து, தோட்டத்துக்குத் தண்ணீர் போனது குறித்து இயக்குநரிடம் விளக்கம் கேட்டு எழுதினார். பிறகு தம் பழைய அறைக்குப் போய், அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, வருத்தத்தோடு விளக்கம் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு வந்து ரூட் அறையின் வாசலில் சற்று நேரம் காத்திருந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும், இயக்குநரை இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்குக் கடைநிலை ஊழியரைக் கடிந்துகொண்டார். விளக்கம் மனநிறைவு அளிப்பதாக மாலைக்குள் தீர்ப்பானது. வரிசையில் நின்று புகார் எழுதியதை எல்லோரும் பார்த்திருந்த துணை இயக்குநரும் பம்ப் ஐயாவும் பழைய குழாய்கள் கொண்டுபோய்ப் போட்டிருந்த கிடங்குக்கு மாற்றப்பட்டார்கள்.

கடைசியாக அட்டவணையம்மாவின் முறை வந்தது. உயரமான நாற்காலிக்கு எதிரே போய் நின்றார்.

"உண்மையாகவே ரூட்டாக இருந்தீர்களா?" என்று கேட்டார் இயக்குநர். வேறு யாரும் அறையில் இல்லை. குரலில் அதிகாரத்தைவிட ஆவல்தான் அதிகம் இருந்தது. "எப்படி இருந்தது?"

"ஒண்ணும் தெரியல சார். சீக்கிரம் முடிச்சிட்டு எழுந்திரிக்கணும்னு தோணிச்சு."

இயக்குநருக்கு அது விளங்கவில்லை. எழுந்திருப்பது என்ற எண்ணமே அவருக்கு விசித்திரமாகப் பட்டது. யோசித்துவிட்டுத் தீர்ப்பை எழுதினார். ஆள்மாறாட்டம் மன்னிக்கப்பட்டது. தண்ணீரைத் திரும்பப் பெறுவது இயலாத காரியம் என்பதால், அதை ரூட் அவர்களே தம் சொந்த விருப்பத்தின் பேரில் வழங்கியதாகக் கருத வேண்டும். அவ்வளவுதான்.

சில நாட்களில் மேற்குக் கோடியின் முனையில் ஒரு பளிங்குக் கல் நட்டார்கள். 'இத்தெருக்களுக்குக் குடிநீர் வழங்கிய உயர்திரு ரூட் அவர்களுக்கு மக்களின் நன்றி' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. கீழே இயக்குநரின் பெயர் இருந்தது.

கீழ் வீட்டம்மா அதைப் படித்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அட்டவணையம்மாவிடம் வாசலில் நின்று கேட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, உங்களைப் பத்தி ஏதேதோ பேசிட்டேன். யாருங்க இந்த ரூட்? தங்கமான மனுஷரா இருப்பாரு போல. உங்க ஆபீஸ்தானே, பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன்."

"எப்படி இருப்பாரு?"

உள்ளே கணவர் இடது கையால் எதையோ வரைந்துவிட்டு, கோணலாக வந்துவிட்டதே என்று தமக்குத்தாமே திட்டிக்கொண்டிருந்தார். அட்டவணையம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன்," என்றார். "கீழ உங்க வீட்டுக் குழாயைத் திறந்து விட்டுட்டு வந்துட்டீங்க போலிருக்கு, தண்ணி சத்தம் இங்க கேக்குது. முதல்ல போயி அதை மூடுங்க."